வாசகர் கேள்வி – பதில்: கேனோ படகுக்குள் பொருத்தும் ஃபோம்

கேள்வி: பத்தாண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் அண்ணன், வீட்டுச் சாமான்கள் வந்த கண்டெய்னரிலேயே தம்முடைய 13 அடி நீளத் திறந்த கேனோவையும் கொண்டுவந்துவிட்டார். அது ராயலெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டாலானது. நடுவில் மண்டியிட்டு அமர்வதற்காக இருந்த பழைய ஃபோம் சேணம் நொறுங்கி உதிர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் கோழிக்கோட்டுப் பக்கத்து ஆறுகளில் படகை இறக்க ஆசைப்படுகிறோம். ‘மினிசெல்’ என்ற ஃபோமில்தான் சேணம் செய்ய வேண்டும் என்கிறார் அண்ணன். பாரிமுனையில் நான்கு கடைகளில் கேட்டும் அந்தப் பெயரை யாரும் அறியவில்லை. ஒரு கடைக்காரர் மெத்தை ஸ்பான்ஞ்சை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிறது. சென்னையில் எதை, எங்கே வாங்குவது?
— வேளச்சேரி வாசகர்

பதில்: நீங்கள் தேடும் பொருள் சென்னையில் இருக்கிறது, அந்தப் பெயரில்தான் இல்லை. மினிசெல் என்பது ஒரு வணிகப் பெயர். அந்தப் பெயரில் கேனோக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் வகை, குறுக்குப் பிணைப்புச் செய்யப்பட்ட பாலிஎத்திலின் ஃபோம். நம் வணிகர்கள் இதனை ‘கிராஸ் லிங்க் ஃபோம்’ என்றோ ‘எக்ஸ்.எல்.பி.இ.’ என்றோ சொல்கிறார்கள். எனவே கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, மூடிய கண்ணறை உள்ளதா, அடர்த்தி எவ்வளவு, கனம் எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றையும் கேட்டால் கடைக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே பொருள் விளங்கும்.

மூடிய கண்ணறை என்பதுதான் இவற்றுள் முதன்மையானது. மெத்தைக்கும் சோபாவுக்கும் போடும் பாலியூரித்தேன் ஸ்பான்ஞ்சில் குமிழிகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் காற்று நுழையும் வழியாகவே நீரும் நுழைந்துவிடும். ஆற்றில் ஒருமுறை நனைந்தால் அது படகுக்குள் நீங்களே சுமந்து செல்லும் ஒரு குடம் தண்ணீராகிவிடும். மூடிய கண்ணறை ஃபோமில் ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே அடைபட்டிருக்கிறது. அதனால் அது நீரை உறிஞ்சாது, படகு கவிழ்ந்தாலும் மிதப்புத் தரும், எத்தனை முறை அழுத்தினாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். எல்லாப் பக்கமும் 10 செ.மீ. உள்ள கனசதுரம் சரியாக ஒரு லிட்டர் கொள்ளளவு உடையது. ஆகவே அத்தகைய துண்டு சமையலறைத் தராசில் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்னும் அடர்த்தி எண். 5 செ.மீ. கனமுள்ள தகட்டில் 10க்கு 10 செ.மீ. துண்டு வெட்டினால் கிடைத்த எடையை இரட்டித்துக்கொள்ளுங்கள். சேணத்துக்கு வழக்கமாகப் பயன்படும் மினிசெல் வகையின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோ. 30 முதல் 45 வரையுள்ள எதுவும் உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

இனி எங்கே வாங்குவது என்பதற்கு வருவோம். சில்லறை ஸ்பான்ஞ்சுக் கடைகளில் அலைவதை விட்டுவிட்டு, இந்த ஃபோமைத் தொழிலுக்கு அன்றாடம் பயன்படுத்துகிறவர்களிடம் செல்லுங்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் வாகன உதிரி பாகங்களும் கருவிகளும் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி அனுப்பத் தேவையான அறைகளை ஃபோமில் வெட்டித் தரும் பேக்கிங் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே 50 மி.மீ. தகடு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தனியே கேட்டால் கொடுக்கவும் செய்வார்கள், முழங்கால் மெத்தைக்கும் இடுப்பு அணைப்புக்கும் அந்தத் துண்டுகளே போதும். கூரைக்கும் குளிர்சாதனக் குழாய்களுக்கும் வெப்பத்தடுப்பு அமைக்கும் நிறுவனங்களும் இதே கிராஸ் லிங்க் ஃபோமைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய தகடு. அதைப் பல அடுக்காக ஒட்டிச் சேணம் செய்ய நினைக்காதீர்கள். பசையின் எடையும் உழைப்பும் இரண்டுமே வீணாகும்.

பெரியமேட்டை நான் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. தோலுக்கும் காலணிப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற அந்தப் பகுதியில் செருப்பின் அடிப்பாகத்துக்கான இ.வி.ஏ. தகடுகளைப் பல கனங்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதுவும் மூடிய கண்ணறை ஃபோம்தான், தேய்மானத்தை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் அடர்த்தி வேறு. ஒரு கணக்கைப் பாருங்கள். 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரமுள்ள சேணக் கட்டி, செதுக்குவதற்கு முன் ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவு உடையது. 32 அடர்த்தியில் அதன் எடை 1.3 கிலோதான், காலணி இ.வி.ஏ. 150 அடர்த்தியில் இருந்தால் அதே கட்டி 6 கிலோ. தோளில் தூக்கிக்கொண்டு பாறைகளைச் சுற்றி நடக்க வேண்டிய படகில் இந்த வேறுபாடு சிறிதன்று. அதனால் சேணத்தின் உடலைக் கிராஸ் லிங்கிலும், 6 மி.மீ. கனமுள்ள உட்காரும் மேற்பரப்பையும் முழங்கால் படும் இடத்தின் இரண்டடுக்கையும் பெரியமேட்டு இ.வி.ஏ.விலும் அமைப்பதே நம் ஊருக்குப் பொருத்தமான வழி.

பேக்கிங் கடைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் இன்னொன்று வெள்ளை நிற இ.பி.இ. ஃபோம், தொலைக்காட்சிப் பெட்டியின் மூலைகளில் வருவது. அதுவும் மூடிய கண்ணறைதான் என்று கடைக்காரர் சொல்வது உண்மையே. ஆயினும் குறுக்குப் பிணைப்பு இல்லாததால் அதன் குமிழிகள் பெரியவை. கட்டைவிரலால் அழுத்தினால் விழும் பள்ளம் அப்படியே நின்றுவிடும். உடல் எடையை மணிக்கணக்கில் தாங்கும் இடத்தில் அது சில பயணங்களிலேயே சப்பிப்போகும். மேலும் அதன் கனத்த தகடுகள் பெரும்பாலும் மெல்லிய தகடுகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தவை. விளிம்பில் கோடுகள் தெரிந்தால் நகத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு சிறு துண்டை மட்டும் கேட்டு வாங்கி வந்து இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். துண்டை எடை போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் கல்லால் அழுத்தி இரவு முழுவதும் மூழ்கவைத்து, காலையில் துடைத்துவிட்டு மீண்டும் எடை போடுங்கள். எடை ஏறக்குறைய மாறாதிருக்க வேண்டும். பின்னர் அதே துண்டை அம்மியின் அடியிலோ கட்டிலின் காலடியிலோ ஒரு நாள் வைத்து எடுத்து, சில மணி நேரத்துக்குப் பின் கனத்தை அளந்து பாருங்கள். நன்றாக மீண்டு எழும் துண்டுதான் உங்கள் எடையையும் தாங்கும். கடைக்காரரின் உறுதிமொழியைவிட இந்த ஒரு நாள் காத்திருப்பை நான் நம்புகிறேன்.

தகடு 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் கிடைத்தால் பாதித் தகடே போதும். 50 மி.மீ. கனத்தில் 90க்கு 22 செ.மீ. பலகைகள் நான்கை வெட்டி, அவற்றைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகங்களைப் போல் நிறுத்திப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். நான்கும் சேர்ந்து 20 செ.மீ. அகலம் தரும். நிறுத்தி ஒட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது. படகின் அடித்தளம் முன்னும் பின்னும் மேலே வளைந்திருக்கும் அல்லவா, அந்த வளைவை ஓர் அட்டையில் வரைந்து, ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பலகையின் அடிவிளிம்பையும் அதன்படி வெட்டிக்கொள்ளலாம். பின்னால் செதுக்கவிருக்கும் விளிம்புகளில் பசை படாமல் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். காய்ந்த பசை ஃபோமைவிடக் கடினமாதலால், அந்த இடத்தில் கத்தி தடுமாறிக் கோடுகள் எழும்பி நிற்கும். முழங்கால் தோல் அதைத்தான் முதலில் உணரும்.

வெட்டுவதற்கு ரொட்டி அறுக்கும் பல்வைத்த நீண்ட கத்தி போதும். வடிவம் கொடுக்கத் தச்சர்கள் வைத்திருக்கும் அரமும், இறுதியில் 60ஆம் எண் உப்புத்தாளும் வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் தூளைச் சுவாசிக்காமல் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். தூள் தெருவுக்கும் வாய்க்காலுக்கும் போகாமல் கூட்டி அள்ளிவிடுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். பலருக்கு 18 முதல் 23 செ.மீ. வரை பொருந்தும். தாழ்ந்த சேணம் படகை நிலைப்படுத்தும், உயர்ந்த சேணம் கணுக்காலையும் முழங்காலையும் காக்கும். வெட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, அதன்மேல் காலை மடித்து அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தரையில் அமர்ந்து பழகிய நம்மவர்களில் பலருக்குத் தாழ்ந்த உயரமே இயல்பாக இருக்கும். உங்கள் அண்ணனுக்குப் பத்தாண்டு நாற்காலிப் பழக்கம் இருப்பதால், இருவரும் தனித்தனியே அளந்து பார்த்து, உயரம் வேண்டுகிறவருக்கு ஏற்றபடி செய்வதே நலம்.

சேணத்தை உடனே ஒட்டிவிடாதீர்கள். அசையாத நீரில் படகை மிதக்கவிட்டு, ஒட்டாத சேணத்தின்மேல் ஒருவர் அமர, மற்றவர் கரையிலிருந்து பார்த்து, நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையும் பின்முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம் படகின் சரிநடுவாக இராது, சற்றுப் பின்னால்தான் அமையும். மண்டியிட்டவரின் முழங்கால்கள் முன்னே நீண்டிருப்பதே காரணம்.

கேள்வி: நான் வாங்கிய பழைய கேனோ பாலிஎத்திலினால் ஆனது. உள்ளே முழங்கால் மெத்தைகளைச் சென்ற நவம்பரில் ஒட்டினேன். மூன்றே மாதத்தில் பசையோடு உரிந்து வந்துவிட்டன. பசை மட்டமா, நான் செய்த முறை தவறா?
— பெரம்பூர் வாசகர்

பதில்: நீங்கள் எந்தப் பசை என்று எழுதவில்லை. அது தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. அந்தப் பசையிலுள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் மூடிய கண்ணறை ஃபோம் என்றிருக்கும்போது நீர் எங்கே போகும்? இந்த வேலைக்கு வேண்டியது செயற்கை ரப்பர் பசை. செருப்புத் தைப்பவர்கள் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் இனம். ஃபெவிகாலில் எஸ்.ஆர். 998 என்ற எண்ணுடன் வருவது இந்த இனத்தைச் சேர்ந்தது.

ரப்பர் பசையையே பயன்படுத்தியிருந்தால் மாதத்தைத்தான் நான் குறை சொல்வேன். நவம்பர் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்தப் பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பசைப்படலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்து, இரண்டு படலங்களும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் தடுத்துவிடும். பிப்ரவரிக்குப் பிறகு, வெயில் நேரடியாக விழாத நிழலில், காலை ஈரம் விலகிய பின் ஒட்டுங்கள். இரண்டு பரப்புகளிலும் மெல்லியதாகத் தடவி, ஃபோமில் முதல் பூச்சு உறிஞ்சப்பட்ட பின் இன்னொரு பூச்சும் கொடுத்து, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே முயற்சியில் சரியான இடத்தில் வைத்து முழு வலிமையுடன் அழுத்த வேண்டும். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. குறைந்தது ஒரு முழு நாள் அதன்மேல் எடை வைத்து விட்டுவிடுங்கள். கரைப்பானின் ஆவி தீப்பற்றக்கூடியது, தலைசுற்றலும் தரும். ஆகவே கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, அருகில் விளக்கோ அடுப்போ இல்லாமல் செய்ய வேண்டும்.

ஆனால் உங்களுடைய படகில் அதற்கும் அடிப்படையான ஒரு தடை இருக்கிறது. பாலிஎத்திலின் பரப்பின்மேல் பசை பரவி ஒட்டுவதே அரிது. தாமரை இலைத் தண்ணீரைப் போல அது விலகியே நிற்கும். நீலச் சுடரை அந்தப் பரப்பின்மேல் விரைவாக ஓட்டி, மேற்பரப்பை ஆக்ஸிஜனேற்றம் செய்து, உடனே பசை தடவும் முறை உண்டு. அனுபவமில்லாதவர் செய்தால் படகின் ஓடு வளைந்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. சேணத்தைப் படகின் குறுக்குச் சட்டத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே இறுக்கமாகச் செருகிப் பட்டையால் கட்டுங்கள். முழங்கால் மெத்தைகளைச் சேணத்தோடு இணைந்த ஒரே துண்டாக வெட்டிவிட்டால் ஒட்ட வேண்டிய தேவையே வராது.

வேளச்சேரி வாசகரின் ராயலெக்ஸ் ஓட்டில் இந்தத் தடை இல்லை. அதன் வினைல் மேற்பரப்பில் ரப்பர் பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அசிட்டோன் ஊற்றித் துடைத்துவிடாதீர்கள். ராயலெக்ஸின் உள்ளடுக்கான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். பசையையும் குளமாகத் தேங்கவிடக் கூடாது. 2014க்குப் பிறகு ராயலெக்ஸ் தகடே தயாரிக்கப்படுவதில்லை என்பதை நினைவில் வைத்து அந்த ஓட்டைப் பேணுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் மீன்பிடிக் குடும்பம். ஃபைபர் படகில் மிதப்புக்குத் தெர்மோகோல் வைப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். கேனோவின் இரு முனைகளிலும் அதையே அடைத்துவிட்டால் விலை அதிகமுள்ள காற்றுப்பைகளை வாங்க வேண்டாம் அல்லவா?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: மிதப்பு என்ற அளவில் உங்கள் எண்ணம் சரியானது. ஒரு லிட்டர் இடத்தில் நீரை வரவிடாமல் எது தடுத்தாலும் அது ஒரு கிலோ எடையைக் குறைத்ததற்குச் சமம். 300 லிட்டர் நீர் புகுந்த கேனோ 300 கிலோ எடையோடு பாறையை நோக்கி ஓடும். அதற்கும் பாறைக்கும் நடுவில் ஆள் சிக்கிக்கொண்டால் மீட்பது மிகக் கடினம். அதனால்தான் காட்டாற்றுக்குச் செல்லும் கேனோவில் ஆள் அமரும் இடத்தைத் தவிர மற்ற இடத்தையெல்லாம் காற்றால் நிரப்பச் சொல்கிறார்கள்.

ஃபைபர் படகில் தெர்மோகோல் மூடிய அறைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. திறந்த கேனோவில் அது வெளியே தெரியும்படி இருந்து, ஓடு பாறையில் மோதி வளையும் ஒவ்வொரு முறையும் மணிமணியாக உதிர்ந்து ஆற்றோடு போகும். அந்த மணிகளை மீன்கள் இரையென்று விழுங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்ரோலோ, மேலே சொன்ன ரப்பர் பசையோ, பாலியெஸ்டர் ரெசினோ பட்டால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும்.

செலவைக் குறைக்க விரும்பினால் லாரி டியூபுகளைப் பரிசீலியுங்கள். எடை கூடுதல்தான், ஆனால் நம்பகமானவை. எதை வைத்தாலும் அது படகை விட்டு வெளியேறாதபடி, படகின் மேல்விளிம்பையொட்டி இருபுறமும் சிறு துளைகளிட்டு 4 மி.மீ. நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் பின்னுங்கள். அந்த முடிச்சுகளை நான் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டிய நிலை இல்லை. நிழலற்ற கரையில் படகை நிறுத்தும்போது காற்றைச் சற்று இறக்கிவிடுங்கள்; வெயிலில் காற்று விரிந்து காற்றுப்பையின் இணைப்பைப் பிரித்துவிடும்.

கேள்வி: முழங்காலுக்கு யோகா விரிப்பை மடித்து வைத்தால் போதாதா?
— அண்ணாநகர் வாசகி

பதில்: போதாது. மடித்த விரிப்பு நழுவும். சில விரிப்புகள் நீரையும் உறிஞ்சும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் தரையில் கோத்துப் போடும் இ.வி.ஏ. கட்டங்களில் 20 மி.மீ. கனமானவற்றை இரண்டடுக்காக ஒட்டி, நடுவில் முழங்கால் அமரும் அளவுக்குக் குழிவு செதுக்கினால் குறைந்த செலவில் நல்ல மெத்தை அமையும்.

கேள்வி: கேனோவில் சேணம் பொருத்துவது பற்றி என் மகனும் அவன் நண்பர்களும் உங்களுக்கு எழுதப்போவதாகச் சொன்னார்கள். சேணத்தில் மண்டியிட்டுத் தொடையைப் பட்டையால் கட்டிக்கொள்வார்களாம். படகு கவிழ்ந்தால் கட்டுண்டவன் எப்படி வெளியே வருவான்? எனக்கு உறக்கம் வரவில்லை.
— அடையாறு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைத்தான் மற்றவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். தொடைப்பட்டை ஆளைக் கட்டுவதற்கன்று. படகைத் தொடையால் சாய்த்துத் திருப்புவதற்குப் பிடிமானம் தருவது. முழங்கால்களைச் சேர்த்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் தானே நழுவி வெளியே வரும் அளவுக்கே அதன் இறுக்கம் இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் விடும் கொக்கியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சேணத்தின் பக்கங்களை அழகுக்காக உயர்த்திச் செதுக்கி இடுப்பைக் கவ்வும்படி செய்வதும், பாதத்தின் பின்னே இடைவெளியின்றித் துண்டுகளை ஒட்டுவதும் தவறு. காலணி அணிந்த பாதம் எந்தப் பக்கமும் தடையின்றி உருவி வரவேண்டும். படகின் பழைய குறுக்குப் பலகை இருக்கை இன்னும் கழற்றப்படாமல் இருந்தால், அதனடியில் பாதம் சிக்கும் ஆபத்து சேணத்தைவிட அதிகம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

ஆற்றுக்குப் போவதற்கு முன், இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில், உயிர்காப்பு உடையும் தலைக்கவசமும் அணிந்து, அருகில் இருவர் நிற்க, அவர்கள் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்து காட்ட வேண்டும். ஒருமுறை வந்தால் போதாது; தொடர்ந்து பத்து முறை தடையின்றி வர வேண்டும். அதில் ஒருமுறை தடுமாறினாலும் பட்டையைத் தளர்த்தி, இடிக்கும் ஃபோமை அறுத்தெறிந்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். இயன்றால் நீங்களும் கரையில் நின்று எண்ணுங்கள். கோழிக்கோட்டுப் பக்கத்துச் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் மழையில் ஒரே இரவில் உயரக்கூடிய ஆறுகள். அவற்றை நன்கறிந்த உள்ளூர்த் துடுப்பாளர்கள் உடன் வராமல் உங்கள் மகனை அனுப்பாதீர்கள்.